டாப் ஏறாத கார்

முதலாளி சௌந்தரபாண்டியனின் திறந்த காருக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. அதில் வேப்பம்பூக்கள் மிதந்தன.

"காலையில போகும்போது அத்தான் ஒங்கிட்ட என்ன சொன்னாவ?" என்று கேட்டான் இசக்கிதுரை. முதலாளியின் மச்சினன். தீப்பெட்டிக் கம்பெனிக்கு மேனேஜரும் அவன்தான்.

"மழை வந்தா பட்டனை அமுக்கி மேல் டாப்பைப் போட்டுரச் சொன்னாவ," என்றாள் கணக்கு எழுதும் பாண்டிச்செல்வி.

"போட்டியா?"

"மறந்துட்டேன்."

திடீரென்று பெய்துவிட்டது, சாவியைக் காணோம் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். அவளுக்குப் பொய் சொல்ல வராது.

மூன்று மாதமாகக் காய்ந்து கிடந்த ஊரில் முதல் மழை. பெண்களெல்லாம் வேலையைப் போட்டுவிட்டு முற்றத்துக்கு ஓடினார்கள். பாண்டிச்செல்வி நாகலாபுரத்துக்குப் போன் போட்டு, "நம்ம காட்டுலயும் பெய்யுதாப்பா?" என்று அப்பாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். கார் ஞாபகம் வந்தபோது மழை விட்டிருந்தது.

"அத்தான் வரட்டும். நாளையிலேருந்து கணக்குக்கு வேற ஆளு பாக்கணும்," என்று சொல்லிவிட்டுப் போனான் இசக்கிதுரை.

அவள் வீட்டில் முதல் பட்டம் அவளுடையது. மாதச் சம்பளம் என்ற ஒன்று அந்த வீட்டுக்குள் வந்ததும் அவளால்தான். தம்பியைக் கல்லூரியில் சேர்க்கலாம் என்று அப்பா பேச ஆரம்பித்ததே இந்த வேலைக்குப் பிறகுதான்.

அந்தக் கார் முதலாளிக்கு எவ்வளவு செல்லம் என்பதும் அவளுக்குத் தெரியும். கொச்சியில் செகண்ட்ஹேண்டாக வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறது. சாயங்காலமானால் மனைவி பூங்கொடியை ஏற்றிக்கொண்டு, எட்டயபுரம் ரோட்டில் சைக்கிள் வேகத்தில் காற்று வாங்கப் போவார். டாப்பை மூடி ஊரில் யாரும் பார்த்ததில்லை. கோவில்பட்டியில் திறந்த கார் என்றால் அது மாப்பிள்ளை அழைப்புக்குத்தான். டீக்கடையில், "மாப்பிள்ளை எங்க அண்ணாச்சி?" என்று கேட்பார்கள்.

"நான்தாம்ல மாப்பிள்ளை," என்பார்.

மதுரைக்குப் போயிருந்தவர் ரயிலை விட்டு இறங்கி ஆட்டோவில் வந்தார். காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். நனைந்த சீட்டைக் கையால் தடவினார். இசக்கிதுரை ஒன்று விடாமல் சொல்லி முடித்தான்.

"என் தப்புதான் அண்ணாச்சி," என்று பாண்டிச்செல்வி சாவியை நீட்டினாள்.

சாவியை வாங்கிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"நீ பட்டனை அமுக்கியிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது பிள்ள. அந்த டாப் ஏறாது. வாங்குன அன்னையிலேருந்தே ஏறாது."

"ஏறாதா? பெறவு எதுக்குப் போடச் சொன்னிய?" என்றான் இசக்கிதுரை.

"பாக்காம வாங்கி ஏமாந்துட்டேன்னு எப்படிலே சொல்லுவேன்? ஒரு கெத்துக்குச் சொல்லி வச்சேன். போ, வாளியை எடுத்துட்டு வா."

பாண்டிச்செல்விக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. துணியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

மறுநாளே ஊருக்குத் தெரிந்துவிட்டது. இசக்கிதுரை இருக்கும்போது தெரியாமல் இருக்குமா? "தீக்குச்சி மூட்டையில ஈரம் பாக்கத் தெரிஞ்ச அண்ணாச்சிக்கு, காருக்கு டாப்பு பாக்கத் தெரியலையே," என்று டீக்கடையில் சிரித்தார்கள். எந்தச் சரக்கிலும் ஏமாறாதவர் என்று இத்தனை வருடம் பேர் எடுத்த வியாபாரி. அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

கத்திரி வெயிலில் ஒருநாள் அந்தக் காரிலேயே பேங்குக்குப் போக வேண்டி வந்தது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு போய் வந்தார். முகம் கன்றிப்போயிருந்தது.

இவ்வளவு விவரமானவர் இப்படி ஏமாந்துவிட்டாரே என்று பாண்டிச்செல்விக்கும் தோன்றத்தான் செய்தது. கூடப் படித்தவளின் அண்ணன் மதுரையில் கார் மெக்கானிக், அவரை வரச் சொல்லட்டுமா என்று கேட்டாள்.

"வேண்டாம் பிள்ள. பிரிச்சா இன்னும் கெட்டுரும். காத்துக்குத்தான வாங்குனேன்," என்று சொல்லிவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, தோழி வீட்டு விசேஷத்துக்காக நாகலாபுரத்திலிருந்து கோவில்பட்டிக்குப் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். ஊருக்குள் நுழைவதற்கு முந்தின ஸ்டாப்பில் பஸ் நின்றது. ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

சற்று முன்னால், ரோட்டோரம் ஒரு கார் நின்றது. அதே நிறம். ஆனால் மேலே டாப் மூடியிருந்தது. வேறு யாருடையதோ என்று நினைத்தாள்.

அந்த டாப் அசைந்தது. எங்கும் திக்காமல் தானாகவே எழுந்து, மடிந்து, பின்னால் போய் அடங்கியது.

உள்ளே சௌந்தரபாண்டியன். பக்கத்தில் பூங்கொடி. அவர் துண்டை எடுத்து உதறித் தலையில் கட்டினார். அவள் சிரித்துக்கொண்டே முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். கார் ஊரைப் பார்க்க மெதுவாக உருள ஆரம்பித்தது.

பஸ்ஸும் கிளம்பியது. இன்னும் கொஞ்ச தூரத்தில் காரை ஒட்டிக் கடக்கப் போகிறது. அவர் நிமிர்ந்தால் அவள் முகம் தெரியும்.

பாண்டிச்செல்வி அவசரமாக ஜன்னல் ஷட்டரை இறக்கினாள்.

"இந்தப் புழுக்கத்துல எதுக்கும்மா அடைக்க?" என்றாள் பக்கத்து சீட்டுப் பெண்.

"வெயில் அடிக்குதுக்கா."

வெயில் எதிர்ப்பக்கத்து ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது.