தூசி புகாத அறை

மாக் மண்டின் வட்டாரத் தொழிற்சாலையில் பார்த்த வேலையை விட்ட என் மகன் அப்புத்துரை, வீட்டுப் பின்கட்டில் கணினியால் ஓடும் கடைசல் இயந்திரம் வைத்திருக்கிறான். கணினியில் தூசி படாதிருக்கக் கண்ணாடி அறை கட்டி, கதவைச் சுற்றி டேப் ஒட்டினான். ஒரு மாதமாகத் திறக்கவில்லை. ஆனால் கண்ணாடியை யாரோ உள்ளிருந்து தினமும் துடைக்கிறார்கள். குடும்பப் பெயர் கெடுமென்று நான் வெளியே சொல்லவில்லை.

மகள் புஷ்பராணியைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் தாயார் வடிவம்மாள், பின்கட்டுப் பட்டறையை எட்டிப் பார்த்தார்.

“உள்ள யாரு அண்ணே? உங்க ஜாடையா இருக்காரு.”

சம்பந்தம் கலையக்கூடாது. “என் தம்பிம்மா, வேலையா இருக்கான்” என்றேன். எனக்குத் தம்பி கிடையாது.

“நிச்சயத்துக்குக் கூட்டிட்டு வந்துருங்க லா. சித்தப்பா இல்லாம தட்டு மாத்துறதா?”

“கட்டாயம் வருவான்.”

எங்கள் குடும்பத்தில் சொன்ன சொல் தவறியதில்லை. மாப்பிள்ளை வீட்டார் தீவுக்குத் திரும்ப ஃபெரிக்குக் கிளம்பியதும் டேப்பைப் பிரித்துக் கதவைத் திறந்தேன். உள்ளே இருந்தவன் துடைக்கும் துணியை என்னிடம் நீட்டி, நான் உள்ளே வர இடம்விட்டு ஒதுங்கி நின்றான்.