விழுங்கிய தும்மல்கள்

ஜெசிந்தாவுக்கு முதுகு வளைந்திருந்தது. அவள் அம்மாவிடம், "புள்ளைக்கு எலும்பு அப்பளமா இருக்கப்போவுது, அளந்து பாத்துரலாம்" என்று டாக்டர் சொல்லி ஒரு வாரம் ஆகிறது. அன்றிலிருந்து அந்தப் பதினான்கு வயதுப் பெண் தும்மவேயில்லை. தும்மினால் இருநூற்றாறு எலும்பும் நொறுங்கிச் சட்டைக்குள் கொட்டிவிடாதா? வந்ததையெல்லாம் விழுங்கி விழுங்கி, வயிற்றுக்குள் ஐப்பசி மாதத்து இடியே குடியேறிவிட்டது.

இன்று முதுகுப் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, எலும்பை அளக்கும் மேசையில் படுத்திருந்தாள்.

"அசையாத கண்ணு, அஞ்சே நிமிஷம்" என்றாள் மெஷின் அருகில் நின்ற பெண்.

மேலே மெஷின் நகர்ந்தது. ஜெசிந்தாவுக்கு மூக்கு நுனி குறுகுறுத்தது.

"அக்கா, எங்க அம்மாவக் கூப்பிடுங்க."

"இப்ப எதுக்கும்மா?"

"ஒண்ணு விடாமப் பொறுக்கி எடுக்கணும்ல."

கண்ணை இறுக மூடிக்கொண்டாள். வாய் தானாகத் திறந்தது.