கை போன இடம்

“இதுவும் வேணாமா? அப்ப எதுதான்மா நல்லா இருக்கும்?”

நான்காவது கடை. மாமியார் கேட்டதும் மருமகள் பக்கத்து லேப்டாப்பின் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். வாயைத் திறந்தால் வேறு ஏதாவது வந்துவிடும்.

எல்லாம் காலையில் தொடங்கிய கூத்து. “கேம் விளையாடற மாதிரி ஒரு லேப்டாப் பார்க்கணும். அறுபதாயிரத்தைத் தாண்டக் கூடாது. உனக்குத்தான் இதெல்லாம் தெரியும், கிளம்பு” என்றார் மாமியார். வாரத்தில் ஆறு நாள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசியும் குழாயுமாக நிற்கிறவளுக்கு இருப்பது ஒரே ஒரு லீவு நாள். அதுவும் போச்சு.

யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. கேட்பானேன்? கொழுந்தனுக்குத்தான். துரை ஒரு வருஷமாகக் கேம், கேம் என்று வீட்டை இரண்டாக்கிக்கொண்டிருக்கிறார்.

கல்யாணத்துக்கு முன்பே சொந்தச் சம்பளத்தில் அவள் ஒரு லேப்டாப் வாங்கியிருந்தாள். வேலை முடிந்து வந்து அதில் ஒரு மணி நேரம் விளையாடினால்தான் அவளுக்குத் தலைபாரம் இறங்கும். ‘சின்னவனுக்குக் காலேஜுக்கு வேணுமாம், குடுத்துடேம்மா’ என்று அதை வாங்கிக் கொடுத்ததே இந்த மாமியார்தான். எட்டே மாதத்தில் அவன் அதன் மேல் காபியைக் கொட்டிக் கதையை முடித்தான். ஒரு ‘சாரி அண்ணி’கூட இல்லை.

இப்போது அவனுக்கே புதுசு. அதைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கவும் இவளே வரணும். வயிறு எரியுமா, எரியாதா?

மாமியாரோ துணிக்கடையில் இருபத்தெட்டு வருஷம் விற்பனைக்கு நின்றவர். லேப்டாப்பையும் துணியாகத்தான் பார்த்தார்.

“தம்பி, இதைத் திருப்பிப் போடு. அடிப்பக்கம் பார்க்கணும்.”

விற்பனையாளர் திருப்பினார்.

“ரெண்டு வருஷத்துல வெளுத்துடுமா?”

“அம்மா, இது லேப்டாப்மா.”

“ஏன், லேப்டாப்னா வெளுக்காதா?”

மருமகளுக்கு மானம் போயிற்று. “அத்தை, கொஞ்சம் சும்மா இருங்களேன்.”

“நீ இரு. தம்பி, போன வருஷத்துச் சரக்கை எங்கே ஒளிச்சு வச்சிருக்கே? அதை எடு முதல்ல.”

விற்பனையாளர் அசடு வழிந்தார். உள்ளே போய் ஒன்றை எடுத்துவந்து ஆன் பண்ணி வைத்தார்.

சாம்பல் நிறம். மினுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் விவரத்தைப் படித்த மருமகள் அப்படியே நின்றுவிட்டாள். எண்பதாயிரத்துக்கு விற்றது, இப்போது ஐம்பத்தெட்டு. நல்ல கிராபிக்ஸ் கார்டு, சூட்டை வெளியே தள்ள இரண்டு ஃபேன். அவளுடைய இடது கை விரல்கள் தாமாகப் போய், கேமுக்கு அழுத்தும் நாலு கீகளின் மேல் உட்கார்ந்துகொண்டன.

இதையா அவனுக்கு? வெடுக்கென்று கையை எடுத்தாள்.

“வேணாம் அத்தை. பழைய மாடல்.”

“அப்படியா?”

“ஆமா. பார்க்கவும் நல்லா இல்ல.” சொல்லிக்கொண்டே மூடியை ஒற்றை விரலால் மூடித் திறந்து பார்த்தாள். ஆட்டம் இல்லை, அசைவு இல்லை. பாழாய்ப்போனது, எவ்வளவு கெட்டியாக இருக்கிறது!

“அப்ப எதைத்தான் வாங்கறது?”

மூலையில் ஒன்று கலர் கலராக மின்னிக்கொண்டிருந்தது. கீபோர்டு முழுக்க லைட்டு. உள்ளே விஷயம் ஒன்றும் இல்லை. புதுக் கேம் எதைப் போட்டாலும் திணறிப் போகும்.

“அது. காலேஜ் பசங்களுக்கு அதுதான் பிடிக்கும்.”

விற்பனையாளர் தயங்கினார். “மேடம், கேமுக்குன்னா அது கொஞ்சம்...”

“எனக்குத் தெரியும் சார்.”

அவள் பார்த்த பார்வையில் அவர் வாயை மூடிக்கொண்டார். நகர்வதற்கு முன் சாம்பல் நிறத்தின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தாள். இவ்வளவு நேரம் ஓடியும் சூடே இல்லை.

“சரி, நீ போய் பஸ் வருதான்னு பாரு. பில் போட்டுட்டு வரேன்” என்றார் மாமியார்.

பஸ்ஸில், படம் ஒன்றும் போடாத பழுப்பு அட்டைப்பெட்டி அவள் மடியில் இருந்தது. பழி தீர்த்த சந்தோஷம் இரண்டு ஸ்டாப் வரைக்கும் வந்தது. பக்கத்தில் மாமியார் முட்டியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாலு கடை ஏறி இறங்கிய முட்டி. நம்பித்தானே கூட்டி வந்தார்? சீ, என்ன புத்தி இது என்று இருந்தது. சொல்லிவிடலாமா, வேண்டாமா என்று யோசிப்பதற்குள் வீடு வந்துவிட்டது.

கொழுந்தன் வெளியே போயிருந்தான். பெட்டியை அவன் மேஜையில் வைக்கப் போனாள்.

“அங்கே ஏன் வைக்கறே? உன் ரூமுக்குக் கொண்டு போ.”

“சின்னவனுக்குத்தானே அத்தை?”

“அவனுக்கு எதுக்கு? ஒண்ணைக் கெடுத்தது போதாதா? அன்னிக்கு உன்கிட்டேருந்து வாங்கிக் குடுத்தது நான்தானே. ஒரு வருஷமா உறுத்துது. உனக்குன்னு சொன்னா ‘வேணாம் அத்தை’ன்னு கடைக்கே வரமாட்டே. அதான் மூச்சு விடலை.”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் குப்பை தனக்கா? பெட்டியைப் பிரித்தாள்.

உள்ளே சாம்பல் நிறம்.

“அத்தை... நான் இதைச் சொல்லலையே?”

“சொல்லலை. வாயைப் பார்த்தா துணிக்கடையில வியாபாரம் நடக்குமா? கையைத்தான் பார்க்கணும். வேணாம், வேணாம்னுட்டு மூணு தடவை இது மேலேயே கையை வச்சே. இதையே போடுப்பான்னுட்டேன்.”

அவளால் தலை நிமிர முடியவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

மாமியார் குரலைத் தாழ்த்தினார்.

“அந்தக் கலர் லைட்டை நீ எதுக்குக் கை காட்டினேன்னும் தெரியும். சின்னவன்கிட்ட சொல்ல மாட்டேன், போ.”