முதுகில் மண்டையோடு

விளக்கடியில் இரைக்குக் காத்திருந்த பல்லியின் எதிரே, உள்ளங்கை அகலத்தில் ஓர் அந்துப்பூச்சி வந்து உட்கார்ந்தது. அதன் முதுகில் அச்சடித்தாற்போல் ஒரு மண்டையோடு. பல்லிக்குப் பசியே போய்விட்டது. எமனை இத்தனை அழகாக யார் வரைந்தது?

"ஐயா, யாரைக் கூட்டிப்போக வந்திருக்கீங்க?"

"தேன் வாசம் பிடிச்சு வந்தேன். ஏன் கேக்கற?"

"உங்க முதுகுல..."

"என் முதுகை நான் எங்கே பார்த்தேன்?" என்றது பூச்சி.

கீழே வீட்டுக்கார அம்மாள் நிமிர்ந்தாள். "பேய்ப்பட போஸ்டர்ல வருமே, அந்தப் பூச்சி. வீட்டுக்கு ஆகாதோ?"

பயத்தில் பல்லி தன்னையறியாமல் 'ச்சு ச்சு' என்றது.

"பாரு, பல்லியே சொல்லிடுச்சு" என்று அவள் விரலால் தரையைத் தட்டினாள்.

தன் சத்தத்துக்கு ஓர் அர்த்தமும் கிடையாது என்பது பல்லிக்குத் தெரியும். ஆனாலும், பல்லியே சொல்லிவிட்டதே என்று அதற்கும் உடம்பு நடுங்கியது.