படியில் ஒரு கால்

மெட்ரோ நிலைய வாசலில் இணைப்பு மினி பஸ் உறுமிக்கொண்டு நிற்கிறது. ஏற வந்த ஓர் அம்மாவின் ஒரு கால் படியில், ஒரு கால் தரையில். கதவு பாதி மூடுவதும் வெட்கப்பட்டுத் திறப்பதுமாக இருக்கிறது. "ஏறுங்கம்மா, இல்ல இறங்குங்க," என்கிறார் டிரைவர். "ரெண்டும்தானே செஞ்சிட்டிருக்கேன்! வீட்டுக்காரர் வந்துட்டே இருக்கார். பத்தரைக்குப் பொண்ணு பட்டம் வாங்குறா, அடுத்த பஸ்ஸுக்கு நாற்பது நிமிஷமாம்." கண்ணாடிக் கூரை வழியே எஸ்கலேட்டரில் காலை வெயில் வழிகிறது. அதில் கைப்பிடியைப் பற்றியபடி, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு வீட்டுக்காரர் உதயமாகிறார். சூரியனுக்கும் அவருக்கும் ஒரே வேகம். பஸ்ஸிலிருக்கும் பதினாறு பேரும் ஜன்னலில் தலையை நீட்டி, "சார், ஓடி வாங்க!" என்று கத்துகிறார்கள். டிரைவர் ஹாரனால் ஒத்து ஊதுகிறார். வீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிறார். பின்னால் யாரோ அவசரக்காரர் வருவதாக நினைத்து, மரியாதையாக ஓரம் ஒதுங்கி வழிவிடுகிறார். "முப்பது வருஷமா இதேதான்," என்று அம்மா தலையில் அடித்துக்கொள்கிறார். ஒருவழியாக அவர் வந்து ஏறுகிறார், உட்காருகிறார். கதவு நிம்மதியாக மூடுகிறது, பஸ் நகர்கிறது. அவர் மட்டும் கவலையோடு வெளியே எட்டிப் பார்க்கிறார். "பாவம்ப்பா, அவ்வளவு நேரம் யாரையோ கூப்பிட்டீங்களே, அவரை விட்டுட்டுப் போறோமே!"