பேருந்தின் பின்னால் ஓர் ஆரஞ்சு சைக்கிள்

மஞ்சள் பேருந்தின் ஊதல் மூன்று சுரத்தில் எழுந்ததும் அலோயிஸ் இருக்கையிலிருந்து சரிந்து கீழே குந்திக்கொண்டார்.

வளைவில் யாரோ சைக்கிளில் மலை ஏறிக்கொண்டிருக்கிறார்கள். யாரென்று எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. வியாழக்கிழமை காலையில், வால்டெம்மெ ஆற்றை விட்டுக் கணவாய்க்கு ஏறும் இந்தச் சாலையில், அவருடைய நண்பர்கள் மைன்ராடும் ஃப்ரேனியும்தான்.

பேருந்து ஊர்ந்தது. மலைச்சாலையில் முதல் வழி அதற்குத்தான். மற்றவர்கள் ஒதுங்கி நிற்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே, கை எட்டும் தூரத்தில், மைன்ராட் இருமுவது கேட்டது.

எதிர் இருக்கைப் பெண்மணி குனிந்து பார்த்தாள்.

"ஏதாவது தொலைச்சிட்டீங்களா?"

"மூக்குக்கண்ணாடி."

அது அவர் மூக்கின் மேலேயே இருந்தது. அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

குளிர்காலத்தில் அலோயிஸுக்கு நெஞ்சைத் திறந்து தைத்திருந்தார்கள். ஆற்றோரம் எவ்வளவு வேண்டுமானாலும் ஓட்டுங்கள், ஏற்றம் மட்டும் வேண்டாம் என்றார் மருத்துவர். இவர் நண்பர்களிடம் வேறு மாதிரிச் சொன்னார்: "நான் இப்ப கொஞ்சம் மெதுவா. முன்னாடியே கிளம்பிடறேன். மேலே பாக்கலாம்."

அன்றிலிருந்து இந்தப் பேருந்துதான்.

கணவாய்க்கு ஒரு நிறுத்தம் முன்னால் இறங்குவார். விறகு அடுக்கின் பின்னால் நின்று, தலையிலும் கழுத்திலும் தண்ணீரை ஊற்றிக்கொள்வார். கீழே அவர்களுடைய பேச்சுக் குரல் கேட்டதும் சாலைக்கு வந்து, கடைசி வளைவை மட்டும் மிதித்து, அவர்களுக்கு முன்னால் மேலே போய் நிற்பார். போன வாரம்கூட அவர்களால் அவரை எட்ட முடியவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் இத்தனை வருஷமும் மேலே நின்றுகொண்டு, "வந்துட்டீங்களா? அதுக்குள்ள பனி விழுந்துடுமோன்னு பயந்துட்டேன்" என்று அவர்களைச் சீண்டியவர் அவர்தான். பக்கத்துப் பண்ணைக்காரர் பேட்டரி சைக்கிள் வாங்கியபோது, அதற்கு 'மின்சாரப் பசு' என்று பெயர் வைத்து ஊர் முழுக்கச் சிரிக்க வைத்ததும் அவர்தான். அப்படிப்பட்ட வாய் எப்படித் திறக்கும்? மலை ஏறாத அலோயிஸை இந்த இருவரும் இனி எதற்குக் கூப்பிடப் போகிறார்கள்?

பேருந்து வேகம் எடுத்தது. அவர் எழுந்து, முழங்கால் தூசியைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

நிறுத்தத்தில் ஓட்டுநர் இறங்கி வந்தார், சைக்கிளை எடுத்துத் தர.

"உங்க கூட்டாளிங்க இன்னிக்கும் கை ஆட்டினாங்க."

"உங்களுக்கு ஆட்டியிருப்பாங்க."

"எனக்குன்னா நான் வரும்போதுல்ல ஆட்டணும்? அவங்க வண்டி தாண்டின அப்புறம் பின்பக்கத்தைப் பாத்து ஆட்டறாங்க. கண்ணாடியில பாக்கறேனே, வாராவாரம்."

அலோயிஸ் பேருந்தைச் சுற்றிப் பின்னால் போனார்.

கொக்கியில் அவருடைய சைக்கிள் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் மருத்துவமனையிலிருந்து வந்த வாரம், மைன்ராட் தன் பட்டறையில் வைத்து வண்ணம் அடித்துக் கொடுத்தது. "பால் லாரிக்காரனுக்கு ரெண்டு வளைவு தள்ளியே தெரியணும்டா" என்று சொல்லி அடித்த பளீர் ஆரஞ்சு. இந்தப் பள்ளத்தாக்கில் அப்படி இன்னொன்று கிடையாது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவனுக்குக்கூட மேலே பரப்ப ஒரு பிடி சோறாவது இருக்கும். இவர் பூசணிக்காயை ஊர் பார்க்கத் தொங்கவிட்டு, தன் தலையை மறைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பேருந்து போய்விட்டது. காதுமடல் இரண்டும் எரிந்தன.

விறகு அடுக்கின் பக்கம் அவர் போகவில்லை. நிறுத்தத்திலேயே, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். வரட்டும். பார்க்கட்டும். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டியதுதான். அதன் பிறகு அவர்கள் கூப்பிடாவிட்டால் கூப்பிடாமல் போகட்டும்.

வெகுநேரம் கழித்து, கீழ் வளைவில் இருவரும் தெரிந்தார்கள். மைன்ராட் நிமிர்ந்தார். அவரைப் பார்த்தார்.

உடனே நின்றுவிட்டார். அவசரமாக இறங்கி, சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, சங்கிலியின் முன்னால் மண்டியிட்டார். ஃப்ரேனியும் இறங்கி, இவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எதிர்மலையை அப்போதுதான் யாரோ கொண்டுவந்து வைத்ததுபோலப் பார்க்கத் தொடங்கினாள்.

அலோயிஸ் காத்திருந்தார். அவர்கள் வரவில்லை.

காற்று குளிர்ந்து அடித்தது. கடைசியில் அவரே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கிப் போனார். மைன்ராட் தலை தூக்கவில்லை. எண்ணெய் மினுங்க, சங்கிலி பல்சக்கரத்தில் சரியாகத்தான் இருந்தது.

"நான் பஸ்ல வந்தேன்," என்றார் அலோயிஸ்.

"எந்த பஸ்?" என்றார் மைன்ராட், சங்கிலியைப் பார்த்தபடியே.

அந்தச் சாலையில் ஓடுவது ஒரே பேருந்து.

ஃப்ரேனி மலையை விட்டுக் கண்ணை எடுக்காமல், மேற்சட்டையின் கழுத்தை இழுத்து மூடிக்கொண்டாள். அவள் உதடுகள் வெளுத்து நடுங்கின.

"சீக்கிரம் கிளம்புப்பா. வாராவாரம் இங்கேயே நின்னு நின்னு வேர்வை காய்ஞ்சு குளிருது. நீ முன்னாடி போனாத்தானே நாங்க வர முடியும்?"