கணக்கில் வராத பிள்ளை

“ரெண்டு பிள்ளைங்கன்னு சொல்லு. மூணுன்னு வாய் தவறிக்கூட வந்துடக் கூடாது, புரியுதா?”

தையல்காரர் மனைவியிடம் இதைச் சொன்னபோது, பக்கத்து வீட்டு வாசலில் கணக்கெடுக்க வந்த பெண் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். கக்கத்தில் தடிமனான ஒரு பதிவேடு. அடுத்தது இவர்கள் வீடுதான்.

“பள்ளிக்கூடம் போகாத பிள்ளைங்களைத்தான் கணக்கெடுக்கிறாங்களாம். எல்லாருக்கும் படிப்புன்னு புதுச் சட்டம் வந்திருக்காம். ரேடியோவுல சொன்னாங்களே” என்று இழுத்தாள் மனைவி.

“எங்க அக்காவைக் கொண்டுபோனப்பவும் சட்டம்தான் பேசினாங்க.”

அந்தக் கதை மனைவிக்கும் மனப்பாடம். முப்பது வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒருவர் பதிவேட்டோடு வந்தார். காது கேட்காத, பேச்சு வராத அக்காவை மேலும் கீழும் பார்த்தார். ‘படிக்கத் தகுதியில்லாதவள்’ என்று எழுதிக்கொண்டார். மறுவாரம் வேன் வந்தது. புத்தி பேதலித்தவர்களைப் பூட்டிவைக்கும் காப்பகத்துக்குப் போன அக்கா திரும்பவேயில்லை. ஒரு வருடம் கழித்து, காய்ச்சலில் போய்விட்டாள் என்று ஒரு கடுதாசிதான் வந்தது.

இப்போது தையல்காரரின் கடைக்குட்டிக்கு ஆறு வயது. அத்தையைப் போலவே அவளுக்கும் காது கேட்காது, பேச்சும் வராது. நல்லவேளை, தூங்கிக்கொண்டிருந்தாள். பின்னறைக் கதவை வெளியில் தாழ்போட்டாகிவிட்டது.

வந்தவள் கூடத்துக்குள் நுழைந்து, சுவரில் மாட்டியிருந்த தைத்த சட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“உட்காருங்க மேடம்” என்றார் தையல்காரர், அவள் முதுகுக்குப் பின்னால் நாற்காலியை இழுத்துப் போட்டபடி.

அவள் திரும்பவில்லை.

“குடிக்கத் தண்ணி தரட்டுங்களா?” என்றாள் மனைவி. அதற்கும் பதில் இல்லை. ஆளை மதித்தால்தானே! வந்தது சாதாரண ஆள் இல்லை, கண்டிப்பான அதிகாரி என்று தையல்காரர் முடிவே கட்டிவிட்டார்.

ஒருவழியாகத் திரும்பி உட்கார்ந்தவள், “லைட்டைப் போடுங்க” என்றாள். “நீங்க இப்படி என் எதிர்ல உட்காருங்க.”

ஏற்றமும் இல்லாத, இறக்கமும் இல்லாத குரல். எத்தனை பேரை விசாரித்து விசாரித்து இப்படி மரத்துப்போனதோ! பட்டப்பகலில் லைட் எதற்கு? போலீஸ் ஸ்டேஷனில்தான் இப்படி உட்காரவைப்பார்கள் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார்.

“வீட்டுல எத்தனை பிள்ளைங்க?”

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, “ரெண்டு பசங்க. ஸ்கூலுக்குப் போயிருக்காங்க” என்றார்.

“தலையை நிமிர்த்துங்க. என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க.”

“ரெ... ரெண்டுதான் மேடம்.” அவள் அவருடைய வாயையே உற்றுப் பார்த்தாள். பொய் சொல்கிறவன் உதடு நடுங்கும் என்று இவர்களுக்குப் பாடமே எடுப்பார்களோ என்னவோ.

அந்த நேரம் பார்த்துப் பின்னறையில் ஒரு தட்டு உருண்டது. தொடர்ந்து, “ஆ... ஆஆ...” என்று அடித்தொண்டையிலிருந்து ஒரு சத்தம். பிள்ளை எழுந்துவிட்டாள்.

தையல்காரருக்கு உயிரே போய்விட்டது. ஒரே தாவாகத் தாவித் தையல் மிஷினில் உட்கார்ந்து, காலால் தடதடவென்று மிதிக்க ஆரம்பித்தார். மனைவி சமையலறைக்கு ஓடி, கழுவிய பாத்திரங்களையே மறுபடி போட்டு உருட்டினாள். வீடே கல்யாண வீடு மாதிரி அதிர்ந்தது.

வந்தவள் மட்டும் முகம் சுளிக்காமல் எழுதிக்கொண்டிருந்தாள். பிறகு மிஷினைக் கூர்ந்து பார்த்தாள்.

“துணியே இல்லாம எதுக்கு மிதிக்கிறீங்க?”

“எண்ணெய் விட்டிருக்கேன் மேடம்! ஓடுதான்னு பார்க்கிறேன்!” மிஷின் சத்தத்தையும் மீறிக் கத்தினார். வேர்வை கண்ணில் இறங்கியது.

சின்னக் கைகள் கதவைத் தட்டின. அப்புறம் அடித்தன. அப்புறம் பிள்ளை அழ ஆரம்பித்தாள். அம்மா எங்கே, ஏன் கதவு திறக்கவில்லை என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தையல்காரர் இன்னும் வேகமாக மிதித்தார். மிஷினின் பெல்ட் பட்டென்று அறுந்தது.

இப்போது அந்த அழுகை மட்டும்தான் வீட்டில் கேட்டது.

வந்தவளின் பேனா நின்றது. தையல்காரரைப் பார்த்தாள், சமையலறை வாசலில் விறைத்துப்போய் நின்ற மனைவியைப் பார்த்தாள். பின்னறையை நோக்கிப் பேனாவை நீட்டினாள்.

“அந்த ரூம்ல யாரு இருக்கா?”

அவ்வளவுதான். தையல்காரர் அப்படியே மடங்கி அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டார். அண்ணாந்து அவள் முகத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“என் பொண்ணு மேடம். ஆறு வயசு. காது கேட்காது, பேச்சு வராது, அது ஒண்ணுதான் குறை. சமர்த்துப் பிள்ளை, ஊசியில நூல்கூடக் கோத்துத் தருவா. சத்தம் போட மாட்டா மேடம். இன்னைக்குத்தான் பூட்டி வெச்சதால அழுவுறா. அந்தச் சத்தத்தைக் கேட்டுட்டுப் பைத்தியம்னு மட்டும் எழுதிடாதீங்க. கொண்டுபோய் அடைச்சுடாதீங்க!”

“சத்தமா? அழுவுறாளா?” அவள் பதறி எழுந்தாள். “எனக்கு மூணு வயசுலயே காது போயிடுச்சு, அண்ணே, உதட்டைப் பார்த்துத்தான் புரிஞ்சுக்குவேன். வந்ததுலேர்ந்து நீங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்தி அந்தக் கதவையே பார்த்தீங்க, அதான் கேட்டேன்.”

சொல்லிக்கொண்டே போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தவள் திரும்பினாள். “காலைல நீங்களே கொண்டுவந்து விடுங்க, சாயங்காலம் நீங்களே வந்து கூட்டிக்கிட்டுப் போங்க, காது கேட்காத பிள்ளைங்களுக்குன்னு திறந்திருக்கிற புதுப் பள்ளிக்கூடத்துல டீச்சர் நான்தான்.”